"ஒரு ஆள் வெச்சுக்குங்க" என்றால் எந்த ஆள்?

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று பில் கட்டிவிட்டு வார்டுக்குத் திரும்பியபோது டியூட்டி டாக்டர் மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வீட்டுல ஒரு ஆள் வெச்சுக்குங்க சார்." பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது, மூக்கில் டியூப், கீழே யூரின் பேக். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வார்டு பாய் கொடுத்த நம்பர், பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுத்த நம்பர், நெட்டில் கிடைத்த இரண்டு என்று நாலு ஏஜென்சிகளைக் கூப்பிட்டேன். நாலு பேரும் கேட்ட கேள்விகள் ஒன்றேதான். ஆணா பெண்ணா, பன்னிரண்டு மணி நேரமா இருபத்திநாலா, எந்த ஏரியா. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, "அப்பாவைப் பாத்துக்கணும்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்தப் "பாத்துக்கணும்" என்ற சொல்லுக்குள் எத்தனை தனித்தனி வேலைகள் இருக்கின்றன என்பது தெரியாமல்தான் நம்மில் பெரும்பாலானோர் ஆள் வைக்கிறோம். அப்புறம் பத்து நாளில் "ஆள் சரியில்லை" என்று மாற்றுகிறோம். எங்கள் வீட்டில் முதல் மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். மூன்று பேருமே மோசமானவர்கள் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. முதலாமவர் டியூப் ஃபீடிங்கையே பார்த்ததில்லை, அவரை அனுப்பிய ஏஜென்சி எங்களிடம் "எல்லாம் தெரியும் சார்" என்று சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, அந்த வேலைகள் என்னென்ன? இதற்கு மருத்துவத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் சிட்னி கட்ஸ் என்ற டாக்டரும் அவரது குழுவும் 1963-ல் வெளியிட்டது. ஒருவர் தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ள முடிகிறதா என்பதை ஆறு விஷயங்களில் பார்த்தார்கள். குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலம் கட்டுப்படுத்துவது, தானே சாப்பிடுவது. ஒவ்வொன்றிலும் உதவி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேள்வி. இதில் அவர்கள் கவனித்த ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. நோய் வந்தவர்களுக்கு இந்தத் திறமைகள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகின்றன, முதலில் குளிப்பது போகும், கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பது வாயில் எடுத்துப் போட்டுச் சாப்பிடுவது. திரும்பி வரும்போது சாப்பாடு முதலில், குளியல் கடைசியில். குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையும் கிட்டத்தட்ட அதுதானே.

ஆறு ஆண்டு கழித்து, 1969-ல், லாட்டன், பிராடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு பட்டியல் போட்டார்கள். இது உடம்பைப் பற்றியதல்ல, வீட்டை நடத்துவது பற்றியது. போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீடு சுத்தம், துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, பணம் கையாள்வது என்று எட்டு.

இரண்டு பட்டியலையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் 'தானே', 'கை கொடுத்தால்', 'முழுக்க நாம்தான்' என்று மூன்று கட்டம் போட்டு டிக் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. ஏஜென்சிக்குப் போன் செய்வதற்கு முன்பே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். என் பெரியம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். போன வருடம் பயந்துபோய் பிள்ளைகள் இருபத்திநாலு மணி நேர ஆள் ஒருவரை வைத்தார்கள். பெரியம்மாவுக்கு முதல் பட்டியலில் ஒரு குறையும் இல்லை, அவரே குளிப்பார், அவரே கோயிலுக்கு நடப்பார். இடித்ததெல்லாம் இரண்டாவது பட்டியலில்தான், பிரஷர் மாத்திரையை ஒருநாள் இரண்டு தடவை போடுவார், ஒருநாள் போடவே மாட்டார், கேஸ் அடுப்பை மறந்துவிடுவார். அவருக்கு வேண்டியது காலையில் வந்து சமைத்துவிட்டுப் போகும் ஒருவர், ஏழு நாளுக்கும் தட்டு பிரித்த மாத்திரை டப்பா, மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கே டெலிவரி. முழுநேரம் வந்த அந்தப் பெண், பாவம், செய்ய வேலையில்லாமல் பெரியம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தார், பெரியம்மாவுக்கோ தன் வீட்டில் யாரோ காவல் இருப்பதுபோல எரிச்சல். இரண்டு மாதத்தில் முடிந்தது.

இது பெரியம்மா ஒருவரின் கதையில்லை. இந்திய அரசின் ஆதரவில் 2017-18-ல் நடந்த முதியோர் ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு முதல் பட்டியலில் ஏதோ ஒன்று சிரமம், இரண்டாவது பட்டியலில் ஏதோ ஒன்று சிரமம் என்றவர்கள் பாதிக்குப் பாதி. அதாவது ஆள் தேவைப்படுபவர்களைவிட, நாலு சின்ன ஏற்பாடு தேவைப்படுபவர்கள் அதிகம்.

இப்போது யார் வருகிறார்கள் என்பதைப் பார்ப்போம். நம் ஊரில் 'ஹோம் நர்ஸ்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், வருபவரையும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறோம், ஆனால் வருபவர்களில் பலர் நர்ஸ் இல்லை. நர்ஸ் என்றால் பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம், ஜிஎன்எம் டிப்ளமோ மூன்று வருடம், இல்லை ஏஎன்எம் இரண்டு வருடம் என்று ஏதோ ஒன்று படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார். மற்றவர்கள் அட்டெண்டர்கள், உதவியாளர்கள். இவர்களுக்கென்று அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்', 'ஹோம் ஹெல்த் எய்ட்' என்று சில மாதப் பயிற்சிகள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழ் உள்ளவர்களும் வருகிறார்கள், சொந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் வேலையில் இறங்கியவர்களும் வருகிறார்கள். பின்னவர்கள் சில நேரம் முன்னவர்களைவிடக் கைராசிக்காரர்களாக இருப்பதும் உண்டு, அதை மறுக்க முடியாது.

வேலைப் பிரிவு ரொம்ப எளிது. ஊசி போடுவது, டிரிப்ஸ், மூக்கு டியூபைப் புதிதாக இறக்குவது, யூரின் டியூபை மாற்றுவது, தொண்டையில் துளை போட்டவர்களுக்குச் சளி உறிஞ்சுவது, ஆழமான புண்ணுக்கு டிரெஸ்ஸிங் – இதெல்லாம் நர்ஸ் கை. குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஏற்கெனவே இறக்கிய டியூபில் சொல்லிக்கொடுத்தபடி கஞ்சி ஊற்றுவது, யூரின் பேக்கைக் காலி செய்து அளவு எழுதுவது அட்டெண்டர் வேலை. எங்கள் அப்பாவுக்கு நர்ஸ் தினமும் தேவைப்படவே இல்லை, டியூப் மாற்ற வேண்டியிருந்த நாட்களில் ஒரு மணி நேரம் வந்தால் போதுமாக இருந்தது. அது தெரியாமல் முதல் பத்து நாள் நர்ஸ் சம்பளம் கொடுத்தோம். மறுபக்கம், சர்க்கரை ஏறி இறங்கி இன்சுலின் அளவை அடிக்கடி மாற்ற வேண்டிய ஒருவருக்கு அட்டெண்டரை வைத்துவிட்டு, "நீங்களே பாத்துப் போட்டுடுங்க" என்று சொல்வதும் நடக்கிறது, அது ஆபத்து.

மூன்றாவது வகை, வீட்டு வேலை. பாத்திரம், துணி, சமையல். அட்டெண்டர்தானே சும்மா இருக்கிறார் என்று முதலில் ஒரு டம்ளர், அப்புறம் நாலு தட்டு, அப்புறம் முழு சிங்க். நோயாளியின் துணி, நோயாளியின் பாத்திரம், நோயாளியின் அறை என்று முதல் நாளே கோடு போட்டுவிடுவது நல்லது, இல்லையென்றால் அடுத்த சண்டை அங்கேதான் தொடங்கும். எங்கள் அம்மாவே இந்தத் தப்பைச் செய்தார், நானும் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தேன்.

நல்ல ஆளை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது சட்டைதான். நாலாவதாக வந்தவர், அக்கா என்றே சொல்கிறேன், வந்த அன்று அப்பாவுக்குச் சட்டை மாற்றியதைப் பார்த்தேன். அதுவரை நாங்கள் எல்லோரும் அப்பா அசைக்கக்கூடிய இடது கையை முதலில் நுழைத்துவிட்டு, விழுந்துபோன வலது கையைப் பிடித்து இழுத்துத் திணித்துக்கொண்டிருந்தோம், அவர் முகம் சுளிப்பார், வலிக்கிறது என்றுகூடச் சொல்ல வராது. அக்கா செய்தது நேர்மாறாக. வலது கையின் சட்டைக் கையை வளையம்போலச் சுருட்டிப் பிடித்து, தன் கையை அதற்குள் விட்டு, அப்பாவின் விரல்களைப் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்து, தோள்வரை ஏற்றிய பிறகுதான் நல்ல கையிடம் போனார். கழற்றும்போது நல்ல கை முதலில், விழுந்த கை கடைசியில். பிடிப்பில்லாத கையை இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடலாம், அப்புறம் பிசியோ செய்வதும் கஷ்டம். வீல்சேரையும் அப்பாவின் நல்ல பக்கத்தில்தான் கொண்டுவந்து நிறுத்தினார், நிறுத்தியதும் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டார். எங்கே கற்றீர்கள் என்றேன். ஒரு ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக ஆறு வருடம், அங்கே பிசியோ மேடம் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்ததாம்.

கஞ்சி ஊற்றும்போதும் அப்படித்தான். தலைப்பக்கத்தைப் பாதி உட்கார்ந்த நிலைக்கு உயர்த்தாமல் ஒரு சொட்டு உள்ளே போகாது. டியூப் அதே இடத்தில் இருக்கிறதா என்று மூக்கருகே போட்ட மார்க்கைப் பார்ப்பார், சிரிஞ்சில் இழுத்துப் பார்ப்பார், அப்புறம் ஊற்றுவார், முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுவார், அரைமணிக்குக் குறையாமல் அப்படியே சாய்ந்திருக்கவைப்பார். படுத்தபடி ஊற்றினால் உணவு நெஞ்சுக்கு ஏறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பக்கவாதம் வந்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வந்தவருக்கு வேலை தெரியுமா என்று அறிய ஆயிரம் கேள்வி வேண்டாம், ஒரு சட்டை மாற்றச் சொல்லுங்கள், ஒரு வேளை கஞ்சி ஊற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

இனி நான் எழுத நினைத்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த 'இருபத்திநாலு மணி நேரம்'.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். இல்லையென்றால் முதுகின் அடியில், இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில், குதிகாலில் தோல் சிவக்கும், அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அதற்கப்புறம் எலும்புவரை போவதற்கு வெகுநாள் ஆகாது, ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். ஏர் பெட் வாங்கிப் போட்டால் அழுத்தம் குறையும், ஆனால் புரட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது. சரி, கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அதில் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. நடுவில் டயபர் நனைந்தால் அது தனி. காலை ஆறு மணியிலிருந்து பகல் முழுக்க வேலை செய்த அதே பெண் இந்த நாலு தடவையும் எழுந்துகொள்ள வேண்டும் என்றுதான் 'ட்வென்டி ஃபோர் ஹவர்ஸ்' என்று கேட்கும்போது நாம் கேட்கிறோம். எந்த உடம்பாலும் அது ஒரு வாரத்துக்குமேல் முடியாது. ஐந்தாம் நாள் அவர் தூங்கிவிடுவார். நாம் எழுந்து பார்த்து, "காசு வாங்கிட்டுத் தூங்குறாங்க" என்போம்.

'ஸ்டே-இன்' ஆள் என்றால் நம் வீட்டில் தங்கி, பகல் முழுக்க வேலை பார்த்து, இரவில் தூங்கி, அவசரத்துக்கு மட்டும் எழுந்துகொள்பவர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் ஒருதடவை எழுந்தால் சமாளிக்கலாம். மூன்று நாலு தடவை என்றால் இரண்டு ஷிஃப்ட் ஆள் வேண்டும், அல்லது இரவில் பாதியை வீட்டில் இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கடைசியில் செய்தது அதுதான். பத்து மணிப் புரட்டலும் பன்னிரண்டு மணிப் புரட்டலும் என் கணக்கு, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து நான், நாலரைக்கு அக்கா எழுந்துவிடுவார். டாக்டரிடம் கேட்டு, தோலைத் தினமும் பார்த்துக்கொண்டு, ஏர் பெட் தைரியத்தில் நள்ளிரவு இடைவெளியைக் கொஞ்சம் நீட்டினோம். சுலபமாக இல்லை. ஆனால் ஆள் மாறுவது நின்றது.

பணம் பற்றிச் சொல்லாமல் முடியாது. சென்னையில் எங்களுக்குச் சொன்ன விலை, பன்னிரண்டு மணி நேர அட்டெண்டருக்கு நாளொன்றுக்கு 800-லிருந்து 1,000 ரூபாய், தங்கி வேலை செய்பவருக்கு மாதம் 25,000-லிருந்து 30,000, சாப்பாடு நம்முடையது, நர்ஸ் என்றால் இதைவிட நன்றாகவே கூட. பதிவுக் கட்டணம் தனி. டயபர் நாளுக்கு மூன்று நாலு, கையுறை, பிசியோ, மருந்து இதெல்லாம் மேலே. ஏஜென்சிக்கு நாங்கள் கொடுத்த 28,000-ல் அக்கா கைக்குப் போனது 19,000. அதை அவரே ஒருநாள் காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னார், புகாராகக்கூட இல்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எல்லா மருத்துவக் காப்பீட்டுக்கும் பொதுவாக, காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ வகுத்த வாசகம் அது, எக்ஸ்க்ளூஷன் 05 என்று குறியீடு. வீட்டிலோ நர்சிங் இல்லத்திலோ குளிப்பது, உடுத்துவது, நடமாடுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்குத் தரப்படும் உதவி, அதை நர்ஸ் செய்தாலும் சரி, பயிற்சியில்லாதவர் செய்தாலும் சரி, கிடையாது. 1963-ல் கட்ஸ் போட்ட பட்டியலேதான், இங்கே அது 'இதற்குப் பணம் இல்லை' என்ற பட்டியலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. 'டொமிசிலியரி' என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாததால் அல்லது அங்கே இடமில்லாததால் மூன்று நாளுக்கு மேல் வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்வதற்கானது, மாதக்கணக்கில் அட்டெண்டர் வைப்பதற்கானது இல்லை. எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் என்று 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் அட்டையும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான்.

கிட்டத்தட்ட இதே ஆறு விஷயங்களைச் சிங்கப்பூர் நேர்மாறாகப் பயன்படுத்துகிறது. அங்கே 2020-ல் கேர்ஷீல்ட் லைஃப் என்று ஒரு கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை, நடமாட்டம், இடம் மாறுவது என்ற ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாது என்று மதிப்பீட்டாளர் சொல்லிவிட்டால் மாதாமாதம் கையில் பணம், தொடங்கிய ஆண்டில் அது 600 சிங்கப்பூர் டாலர். ஜப்பானில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே நாற்பது வயதானவர்கள் எல்லோரும் இதற்கென்று பிரீமியம் கட்டுகிறார்கள். அவர்கள் பணக்கார நாடுகள், சரி. ஆனால் நமக்கும் அவகாசம் அதிகமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான், 2031-ல் அது பதினெட்டு ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

அதற்காக அரசிடமிருந்து ஒன்றுமே வராது என்றும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருவதோடு நிற்பதில்லை. பிசியோதெரபிஸ்டும், வலி நிவாரணத்துக்கான பேலியேட்டிவ் நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பை கொடுப்பார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவைத்தால் போதும், காசு கிடையாது. என் சித்தப்பா ஊரில் இப்படித்தான் பிசியோ வந்தார். தினம் வரமாட்டார், வந்துபோகிற சேவைதான் இது, உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் ஆள் இல்லை. ஆனால் வந்தவரிடம் வீட்டில் இருப்பவர் பயிற்சிகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டால், வெளியே மாதம் ஆயிரக்கணக்கில் கொடுப்பது மிச்சம்.

மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்குவதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள், "அப்பாவுக்குப் போய் அதுவா" என்று. கை கால் விழுந்தவருக்கு அது பொருந்தும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு, சார்ந்திருப்பவரின் ஊனம் 40 சதவீதத்துக்குமேல் என்றால் 75,000, 80-க்குமேல் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. அட்டெண்டர் சம்பளத்துக்கு இது எந்த மூலைக்கு என்று கேட்கலாம், டயபருக்காவது ஆகும்.

கேரளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1999-ல் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்துக்குச் சில மணி நேரம் படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போகும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2008-ல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தது. நோயாளிக்கு மருந்து கொடுப்பதைவிட, கூடவே இருக்கும் மனைவியையோ மகளையோ இரண்டு மணி நேரம் வெளியே போய்வரச் சொல்வது அந்தத் தொண்டர்கள் செய்யும் பெரிய வேலை. எங்கள் அம்மா ஐந்து மாதமாகத் தெருமுனைக் கோயிலுக்குக்கூடப் போகவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கும் வீட்டுக்கு நான் மேலே சொன்ன பாதி பொருந்தாது. அங்கே உடம்பு நன்றாக இருக்கும், குளிக்கவைக்கப் போனால் அடிப்பார், சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று தன் வீட்டிலேயே நின்று அழுவார். பலம் தேவையில்லை, பொறுமையும் ஒரே முகமும் தேவை, வாரத்துக்கு ஒரு ஆள் மாறினால் நோயாளி இன்னும் கலங்கிப்போவார். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு இதற்கென்றே ஒரு மையம் நடத்துகிறது, அங்கே வீட்டார்களுக்குச் சொல்லித்தருவதும் உண்டு, ஆள் தேடுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்வருவது வீண் போகாது.

அடுத்து, வருபவரின் பக்கம். நம் வீடு அவருக்கு வேலை செய்யும் இடம். அவருக்கு எங்கே படுக்கை, எந்தக் குளியலறை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, மாதத்தில் எத்தனை நாள் லீவு, அந்த நாளில் யார் பார்ப்பது – இதற்கெல்லாம் முதல் நாளே பதில் இருக்க வேண்டும். மிச்சம் மீதியைக் கொடுக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன், அப்புறம் "யாரும் நிலைக்கமாட்டேங்கிறாங்க" என்று புலம்பல். ஆண் நோயாளிக்குப் பெண் அட்டெண்டர் என்றால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சில முதியவர்கள் கை நீட்டுவார்கள், சிலர் நோயினால், சிலர் நோயில்லாமலேயே. அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பல பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான், மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு உண்டு. "ஏதாவது சங்கடமா இருந்தா நேரா என்கிட்ட சொல்லுங்க" என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் நல்லது, முடிந்தால் குளிப்பாட்டும் நேரத்தில் வீட்டு ஆண் ஒருவர் கூட இருக்கலாம்.

நம் பக்கத்துப் பயமும் நியாயமானதுதான். தெரியாத ஒருவர், பேச முடியாத அப்பா, சாவி, பீரோ. ஆதார் நகலோடு நின்றுவிடாமல் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏஜென்சியிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: ஆள் வராத நாளுக்கு எத்தனை மணிக்குள் மாற்று வரும், முன்பணம் எப்போது திரும்பும், நாமே நேரடியாக அவரை வைத்துக்கொண்டால் அபராதம் உண்டா. எங்கள் முதல் ஏஜென்சி 'ரீப்ளேஸ்மென்ட் கேரண்டி' என்றது, பொங்கல் வாரத்தில் ஆறு நாள் போனையே எடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் கேமரா வைக்கலாம், ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், அவர் உடை மாற்றும் இடத்தில் கூடாது.

கேமராவைவிட எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. அக்கா எழுதுவார். 7.10 கஞ்சி 200, தண்ணி 50. 9.00 துடைச்சாச்சு, முதுகு நல்லா இருக்கு. 11.30 யூரின் 350, கலர் மஞ்சள். 2.00 இடது பக்கம். டாக்டர் வந்தால் எங்களிடம் கேட்கமாட்டார், நோட்டைத்தான் கேட்பார். ஒரு சனிக்கிழமை மூத்திரம் குறைந்துகொண்டே வருவது அந்த நோட்டில்தான் தெரிந்தது, இன்ஃபெக்ஷன் என்று அன்றே பிடித்துவிட்டார்கள்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை, இந்த வேலை முடியும் விதம். நோயாளி தேறினாலும் போனாலும், அட்டெண்டருக்கு அன்றோடு வேலை இல்லை. அப்பா பதினொரு மாதம் இருந்தார், ஒரு புண் இல்லாமல் போனார். காரியம் முடிவதற்குள்ளேயே ஏஜென்சியிலிருந்து அக்காவுக்குப் போன், வேளச்சேரியில் ஒரு வீடு, திங்கட்கிழமை போக முடியுமா என்று. அந்த மாதச் சம்பளத்தை முழுதாகவும் மேலே பதினைந்து நாளுக்கும் கொடுத்தோம். வேறு ஏதாவது வேண்டுமா என்று அம்மா கேட்டபோது ஒரு லெட்டர் வேண்டும் என்றார். அன்றிரவு உட்கார்ந்து எழுதினேன். பக்கவாத நோயாளியை இத்தனை மாதம் பார்த்துக்கொண்டார், டியூப் ஃபீடிங் தெரியும், படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற்றத் தெரியும், யூரின் அளவு எழுதத் தெரியும், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார், என் போன் நம்பர் இது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கலாம். நாலு ஏஜென்சிகளும் எனக்குச் சொல்லாத விவரம் அவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, இதைக் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணித் தர முடியுமா தம்பி, என்று கேட்டார்.